மா ஷ்வேயின் வால் பொறுப்பு

உலகத்திலேயே பாம்புக்குத் தனாக்கா அரைத்துப் பூசிய ஒரே பெண்மணி யாங்கூனில் எங்கள் தாமுவே தெருவில்தான் கடை வைத்திருக்கிறார். இதை எந்தச் சபையிலும் சத்தியம் செய்து சொல்வேன். மற்றத் தெருக்காரர்கள், ‘எங்கள் தெருவில் பெரிய டாக்டர் இருந்தார், கால்பந்து வீரர் இருந்தார்’ என்று பீற்றிக்கொள்ளும்போது நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியதும் கூன்யா அக்காவைப் பற்றி ஆரம்பிப்பேன். அதற்குப் பிறகு அந்த டாக்டரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

கூன்யா என்றால் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்த வெற்றிலை. யாங்கூன்காரன் ஒரு வேளை சோறில்லாமல் இருந்துவிடுவான், கூன்யா இல்லாமல் இருக்க மாட்டான். அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவர் அறை. அறை வாசலிலேயே கடை. ஒரு மேசை, சுண்ணாம்புக் கிண்ணம், பாக்கு டப்பா, புகையிலை பாட்டில்கள். மேசைக்குப் பக்கத்தில், பானைக்குப் பேர்போன த்வாண்டே ஊரிலிருந்து வந்த வாயகன்ற மண்பானை. ஒரு சின்னக் குழந்தையை உள்ளே உட்கார வைக்கலாம், அத்தனை பெரிசு. அதற்குள் ஈரச்சாக்கு, சாக்குக்குள் வெற்றிலை.

“இலை நனையக் கூடாது தம்பி. ஆனா ஈரமா இருக்கணும். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கூன்யாக் கடையும் வெக்கக் கூடாது, கல்யாணமும் பண்ணக் கூடாது” என்பார்.

காலையில் எழுந்ததும் அந்தச் சாக்கின் மேல் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். பேசிக்கொண்டே தெளிப்பார், யாரையாவது திட்டிக்கொண்டே தெளிப்பார், கண்ணை மூடிக்கொண்டும் தெளிப்பார். கை அளவு ஒரு நாளும் தப்பாது.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதற்குப் பதில் கயிறுகள் உண்டு. ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ் முனையில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு மணி. செய்தித்தாள், மின்சார பில், கூன்யா எல்லாம் அந்தக் கிளிப்பில் மாட்டித்தான் மேலே போகும். கயிற்று வழியாக அதிகம் வாங்கியவர் மூன்றாம் மாடி ஊ டின். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பர்மியப் பெரியவர். மாடியிலிருந்தே “மா கூன்யா!” என்று குரல் கொடுப்பார், பொட்டலம் தானாக மேலே வரும். பத்துப் படி இறங்க வேண்டுமென்றால்கூட ரயில்வே பாஸ் கேட்கிற மனிதர்.

ஒரு முறை த்வாண்டேயிலிருந்து புதுப் பானைகள் வைக்கோல் சுற்றி வந்தன. அக்கா வைக்கோலைப் பிரித்தார். உள்ளே விரல் மொத்தத்தில் ஒரு மலைப்பாம்புக் குட்டி சுருண்டு கிடந்தது. பக்கத்தில் நின்றிருந்த நான் எப்படி முதல் மாடிக்குப் போனேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா குனிந்து அதனிடம் பர்மியில், “சாபீபீலா?” என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

“பாம்புகிட்ட எதுக்கு அக்கா பர்மியில பேசறீங்க?” என்று மாடிப்படியிலிருந்தே கேட்டேன்.

“த்வாண்டேல பொறந்த புள்ள. இதுக்கு எங்கேருந்து தமிழ் வரும்? நம்ம தெருப் புள்ளைங்களுக்கே வரல.”

அன்றைக்கே அதற்கு மா ஷ்வே என்று பெயர் வைத்தார். மா என்பது பெண்பிள்ளைகளுக்கு மரியாதையாகச் சேர்ப்பது, ஷ்வே என்றால் தங்கம். எலிகள் பாக்கைத் தின்கின்றன, அதற்காகத்தான் பாம்பு வளர்க்கிறேன் என்று எல்லோரிடமும் காரணம் சொன்னார். சொன்னது பொய்யில்லை. சில மாதங்களில் எங்கள் தெரு எலிகள் மொத்தமாகக் குடிபெயர்ந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. அடுத்த தெருக்காரர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

மா ஷ்வே சின்னதாக இருந்தபோது ஒரு நாள் கடைப்பக்கம் தொங்கிய கயிற்றைச் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டது. அது ஊ டின்னின் கயிறு. அக்கா பொட்டலத்தை மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினார். ஊ டின் இழுத்தார். கூன்யாவும் வந்தது, கூடவே தலையைத் தூக்கிக்கொண்டு மா ஷ்வேயும் வந்தது. அன்றைக்குத்தான் ஊ டின் தன் காலால் மூன்று மாடி இறங்கி நாங்கள் பார்த்தோம்.

“பாம்பை மேலே அனுப்புகிறாயே, நான் கேட்டேனா?” என்று கத்தினார்.

“நீங்க கேக்கல. அதுக்குத்தான் உங்களைப் பாக்கணும்போல இருந்திருக்கு” என்றார் அக்கா.

மா ஷ்வே வளர்ந்தது. ஆள் உயரத்தைத் தாண்டியது. கம்பிவலை போட்ட மரப்பெட்டியில், கடைக்குப் பின்னால் அறையில் இருந்தது. சட்டை உரிக்கும் காலம் வந்தால் உடம்பு மங்கிவிடும், கண் பால்போல வெளுக்கும். பிறகு ஒரு நாள் தலையிலிருந்து வால் வரை ஒரே துண்டாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளவென்று வரும். அக்கா அந்தச் சட்டையைக் கடை முகப்பில் தோரணமாகத் தொங்கவிடுவார். “ஒரு கிழிசல் காட்டு பாப்போம்” என்று வாடிக்கையாளர்களுக்குச் சவால் விடுவார். கிழிசல் கண்டுபிடித்தவனுக்கு அன்று கூன்யா கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கோடை வந்தது. மழையும் இல்லை, கரண்டும் இல்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. மா ஷ்வேயின் உடம்பு மங்கத் தொடங்கியது. அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. பேட்டரியில் ஓடும் காற்றாடி ஒன்று வாங்கி, தனக்கு வைத்துக்கொள்ளாமல், பெட்டிக்கு நேராக வைத்தார். பகலெல்லாம் அது பாம்பின் மேல் வீசியது. அக்கா பனை விசிறியால் தனக்கு வீசிக்கொண்டார்.

அது போதாதென்று தனாக்காக் கட்டையை எடுத்தார். இந்த ஊரில் வெயிலுக்கு முகத்தில் தனாக்கா பூசாத பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை. கல்லில் தண்ணீர் விட்டுக் கட்டையை அரைத்தால் சந்தனம்போலக் குழம்பு வரும், குளிர்ச்சியாக இருக்கும். அக்கா காலையிலிருந்து மத்தியானம்வரை அரைத்தார். பாம்பு நீளமல்லவா! பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, தலைப்பக்கம் நான் பாத்துக்கறேன். நீ வாலைப் புடி.”

கப்பல் கம்பெனி ஒன்றில் நான் தலைமை குமாஸ்தாவாக இருந்தவன். என் கையெழுத்துக்காகச் சரக்குக் கப்பல்கள் காத்திருந்திருக்கின்றன. அக்கா சொன்னதும் மறு பேச்சு இல்லாமல் வாலைப் பிடித்தேன். தலைமுதல் வால்வரை பூசி முடித்தார். கடைசியில், தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே அதுபோல, தலையின் இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு அப்பு அப்பினார். தெருவே போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்தது. அக்கா சுண்ணாம்புக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாம்புக்குப் பக்கத்தில் நின்றார்.

“பொண்ணு பாக்க வர்றாங்களா அக்கா?” என்று ஒரு சைக்காக்காரர் கேட்டார். சைக்கா என்பது பக்கத்தில் ஆள் உட்காரும் மிதிவண்டி. அவருக்கு ஒரு வாரம் கூன்யாவில் சுண்ணாம்பு கூடுதலாக விழுந்தது.

விளைவு என்னவென்றால், மா ஷ்வேயின் சட்டை அந்த முறை முழுசாகக் கழலவில்லை. பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெயர்ந்தது. இரண்டு கண்கள் மேலும் பழைய தோல் ஒட்டிக்கொண்டது. வால் நுனியில் இறுக்கமாக ஒரு வளையம் நின்றுவிட்டது. பாம்பு தலையைத் தூக்கி எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் ஆடியது. பிடித்த இரையைக் காட்டினாலும் தொடவில்லை. அக்கா எதிரே இருந்தும் அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அவர் முகம் மாறியது.

தெரு வைத்தியம் பெருகியது. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார்கள். கோயில்காரர் ஒருவர் மஞ்சளும் பாலும் கொண்டுவந்தார். ஊ டின் மாடியிலிருந்து, “பாம்புகள் இருக்கிற பகோடாக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடு, புண்ணியம்” என்றார். அக்கா எல்லோரையும் விரட்டிவிட்டு, வெற்றிலைக் கூடை ஒன்றில் மா ஷ்வேயை வைத்து மூடினார். என்னையும் சைக்காவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் புறப்பட்டார். கூடையில் காய்கறி என்று சைக்காக்காரரிடம் சொல்லியிருந்தோம். முச்சந்தியில் மூடி தூக்கிக்கொண்டது. சைக்காக்காரர் திரும்பிப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார், மறுபடி திரும்பவே இல்லை. அவ்வளவு வேகமாக ஒரு சைக்கா ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மருத்துவர் கோ ஸோ இளைஞர். மெல்லப் பேசுகிறவர். பேச்செல்லாம் பர்மியில் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

“மேலே வெள்ளையாக இருக்கிறதே, என்ன?”

“தனாக்கா. நானே அரைத்தது. கடையில் வாங்கிய பொடி இல்லை.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

“தனாக்கா தோலைக் காய வைக்கும், காற்றாடி இன்னும் காய வைக்கும். ஈரம் இருந்தால்தான் சட்டை முழுசாகக் கழலும். தனாக்காவைக் கழுவிவிடுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விடுங்கள், பெட்டியில் ஈரத்துணி போடுங்கள். கையால் மட்டும் உரிக்காதீர்கள். அடுத்த முறை சட்டை கழலும்போது கண் மேல் ஒட்டியிருப்பதும் சேர்ந்து வந்துவிடும்.”

“வரவில்லையென்றால்?”

கோ ஸோ பாம்பின் கண்ணை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். “நான் மயக்க மருந்து கொடுத்து எடுத்துப் பார்க்கலாம். ஆனால் கண் போய்விடலாம்.”

அக்கா கூடையை மூடிக்கொண்டு எழுந்தார். சைக்காவில் ஏறியதும் பொரிந்தார்.

“தனாக்கா கூடாதாம்! தனாக்கா கூடாதுன்னு சொல்றானே, இவன் பர்மாக்காரன்தானா?”

கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது.

“கண்ணு போயிடும்னு சொன்னான்ல தம்பி?”

“போயிடலாம்னுதான் அக்கா சொன்னாரு.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு, கூடை மேல் கையை வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் வாலைப் பிடிக்க, அவர் தனாக்காவைத் துடைத்தெடுத்தார். காற்றாடியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆனால் தண்ணீர், ஈரத்துணி இரண்டுக்கும் மட்டும் சம்மதிக்கவில்லை. “ஈரத்துல படுத்தா சளி புடிக்கும். தண்ணியில வுட சொல்றான், திங்யான் வர இன்னும் நாள் இருக்கு” என்றார். தண்ணீர்த் திருவிழா வராமல் தன் பாம்பு நனையக் கூடாது என்பது அவர் கட்சி. நானும் தினம் சொல்லிப் பார்த்தேன். தினம் திட்டு வாங்கினேன்.

சில வாரம் கழித்து மா ஷ்வேயின் உடம்பு மறுபடி மங்கியது. அக்கா கடையை மூடினார். ஊரடங்கு நாளிலும் ஜன்னல் வழியாகக் கூன்யா கொடுத்தவர். தெரு நிலைகுலைந்தது. சைக்காக்காரர்கள் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டார்கள். ஊ டின் காலிக் கயிற்றை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். அக்கா எதையும் கவனிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் மட்டும் எழுந்து வந்து, கடை மூடியிருந்தாலும், பானையில் இருந்த சாக்கின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். ஏன் தெளிக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கை பழகிப்போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம், வழக்கம்போலக் கரண்ட் போன நேரம், அக்காவின் குரல் கேட்டு ஓடினேன். பெட்டியின் வலை விலகியிருந்தது. உள்ளே மா ஷ்வே இல்லை.

தெருவே திரண்டது. கண் தெரியாத பாம்பு ரோட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்தோம். கட்டடத்தின் கயிறுகளெல்லாம் சரசரவென்று மேலே ஏறின. சாக்கடை மூடிகளைத் தூக்கிப் பார்த்தார்கள், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில் பார்த்தார்கள். ஊ டின் மட்டும் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு ஜன்னல் வழியாக யோசனை சொன்னார்.

அக்கா பர்மியில் கூப்பிட்டுக்கொண்டே தெருமுனைவரை போனார். “மா ஷ்வே, லா! லா!” வா வா என்று அர்த்தம். திரும்பி வந்தார். குரல் கம்மியிருந்தது. கடை மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கடி போனே? வாடி என் தங்கமே... என் கண்ணுல்ல, வந்துடுடி...”

அதுவரை அவர் அந்தப் பாம்போடு ஒரு வார்த்தை தமிழ் பேசி நான் கேட்டதில்லை. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதியில்தான் கேட்டது. பானைக்குள் ஏதோ உரசும் சத்தம்.

சாக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். வெற்றிலைக்கு நடுவில், நனையாமல் ஈரமாக, மா ஷ்வே சுருண்டிருந்தது. பானையின் சொரசொரப்பான உள்பக்கத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உதட்டோரத்தில் பழைய தோல் மடங்கிப் பின்னால் போயிருந்தது.

அக்காவின் கை பாய்ந்தது. “அக்கா! உரிக்கக் கூடாதுன்னு சொன்னாரு!” என்று கத்தினேன்.

“தெரியும்டா! வாலைப் புடி நீ!”

கை உரிக்கப் போகவில்லை, சாக்குக்குப் போனது. ஈரச்சாக்கின் ஒரு முனையை எடுத்து, வெற்றிலையைச் சுற்றுவதுபோலத் தளர்வாகப் பாம்பைச் சுற்றிப் பிடித்தார். இழுக்கவில்லை. மா ஷ்வே தானாக அதற்குள் நுழைந்து மெதுவாக முன்னால் நகர்ந்தது. சட்டை உள்புறம் வெளியாகத் திரும்பிக்கொண்டே பின்னால் வந்தது. நான் சாக்கின் மறுமுனையை வால் நுனியில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த வளையமும் நெகிழ்ந்து, என் விரல்களுக்கு நடுவில் நழுவிச் சட்டையோடு சேர்ந்துகொண்டது.

அக்கா சட்டையின் தலைப்பக்கத்தை விரித்துச் சாயங்கால வெளிச்சத்தில் தூக்கினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கண்ணாடி வட்டம். ஒரு பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒட்டியிருந்தன, இன்னொரு பக்கமும் அப்படியே. பழையதும் புதியதும் சேர்ந்தே வந்துவிட்டன. கீழே குனிந்து பாம்பைப் பார்த்தார். மா ஷ்வே கரேலென்ற கண்ணோடு நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது கரண்ட் வந்தது. யாங்கூனில் கரண்ட் வந்தால் தெருவே ஒரே குரலில் “மீ லா பீ!” என்று கத்தும், விளக்கு வந்துவிட்டது என்று. அன்றைக்கு எங்கள் தெரு போட்ட சத்தம் தாமுவே மார்க்கெட் வரை கேட்டதாம். விளக்குக்காக மட்டும் யாரும் அப்படிக் கத்துவதில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “பாத்தியா? தமிழ்ல கூப்பிட்டேன், வந்துச்சு. எல்லாம் புரியுது இவளுக்கு.”

மறுநாள் கோ ஸோ பார்க்க வந்தார். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, நாம் பேசுவது அதற்குச் சரியாகக் கேட்காது என்று பணிவாகச் சொன்னார். “காது இல்லாவிட்டால் என்ன, புத்தி இருக்கிறதே” என்றார் அக்கா. ஈரத்துணி வைக்கச் சொன்னேனே என்று கோ ஸோ நினைவுபடுத்தினார். “நீ சொன்னது துணி. நான் வைத்தது வெற்றிலைச் சாக்கு” என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு கூன்யா மடித்துக் கொடுத்தார். அக்கா கையால் தானாக ஒரு கூன்யா வருவது சாதாரண விஷயம் இல்லை. அவருக்கு அது தெரிந்ததோ இல்லையோ, கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

கடை திறந்ததும் ஊ டின்னின் கயிறுதான் முதலில் இறங்கியது. “மா கூன்யா, அந்தப் பானை இலையில் ஒன்று! அதிர்ஷ்டம்!” அவரைப் பார்த்து இன்னும் பல பேர் கேட்டார்கள். அக்கா அந்தப் பானை வெற்றிலை முழுவதையும் குப்பையில் கொட்டினார். “பாம்பு படுத்த இலையை மனுசனுக்கு மடிச்சுக் கொடுப்பேனா? நான் கடைக்காரி” என்றார். பானையை மா ஷ்வேக்கே கொடுத்துவிட்டார். உள்ளே எப்போதும் ஈரச்சாக்கு உண்டு. அதற்குப் பிறகு அது உரித்த சட்டை ஒவ்வொன்றும் ஒரே துண்டுதான். இப்போது அது படுத்தால் பானையில் வால் அடங்குவதில்லை, வெளியே தொங்கும்.

நான் மகனோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினுக்குக் குடிபோய்ச் சில காலம் ஆகிறது. நான் கடைக்குப் போயிருக்கும்போது புதிதாக யார் வந்தாலும் அக்கா அவர்களிடம், கப்பல் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், “தம்பியைத் தெரியுமா? நம்ம மா ஷ்வேயோட வால் பொறுப்பு இவருதான்” என்று அறிமுகப்படுத்துவார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பேன்.

வெற்றிலை நான் போடுவதே இல்லை. இருந்தாலும் மா ஷ்வேயின் கண் வெளுத்திருக்கிறது என்று அக்காவிடமிருந்து போன் வந்தால் உடனே பஸ் ஏறிவிடுவேன். பாலத்தைத் தாண்டும்போது பக்கத்து ஸீட்காரர் யாராவது, “இந்த வயசில் இந்த வெயிலில் எங்கே கிளம்பிவிட்டீர்கள்?” என்று கேட்பார்கள்.

டியூட்டிக்கு என்று சொல்வேன்.